கல்லூரி வாசல் மிதியாத இதழாசிரியர்: டி.எஸ். சொக்கலிங்கம்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர், பிள்ளைகளின் மேற்படிப்புக் குறித்து ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்கப் பெற்றோர் வருவது வழக்கம். மருத்துவம், பொறியியல், வணிகவியல் என்ற பெயர்களுக்கிடையே அண்மைக் காலமாக வேறொரு பெயரும் கேட்கப்படுகிறது. இராசபாளையத்தில் நூற்பாலையில் உழைக்கும் தந்தையொருவர் வருகிறார். தம் மகன் இதழியல் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்வதாகக் கவலையோடு சொல்கிறார். திருவில்லிபுத்தூரில் தறி நெய்யும் குடும்பத்துத் தாயொருவர், காட்சித் தொடர்பியல் என்றால் என்ன, அதைப் படித்த பெண்பிள்ளைக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று வினவுகிறார். பத்திரிகைக்கு எழுதுவதற்குக் கல்லூரியில் மூன்றாண்டு படிக்க வேண்டுமா, அந்தக் காலத்தில் எழுதியவர்களெல்லாம் பட்டம் பெற்றா எழுதினார்கள் என்று கேட்கும் சமுதாயப் பெரியவர்களும் உளர்.

இவை புறந்தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. பிள்ளையின் வாழ்வும் குடும்பத்தின் சேமிப்பும் இவற்றில் அடங்கியுள்ளன. இவற்றுக்கு விடை தேடும்போது நம் பகுதியைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் கடந்து, மேற்கு மலைத்தொடரை வலப்புறம் வைத்துத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை தென்காசியை அடைகிறது. அந்தத் தென்காசியில் பிறந்தவர் டி.எஸ். சொக்கலிங்கம். பேனா மன்னர் என்று தமிழ் இதழுலகம் போற்றிய அப்பெருமகன் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். பள்ளிப் படிப்பைக்கூட முழுமையாக முடித்தவர் அல்லர். ஆயினும் தமிழ் நாளிதழ்க்கு ஒரு நடையையும் ஒரு நெறியையும் வகுத்துத் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவ்வரலாற்றை அறிந்தால், கல்லூரியில் இதழியல் கற்பதன் பயன் எது, கல்லூரியால் தர முடியாதது எது என்னும் இரண்டும் தெளிவாகும்.

தென்காசியில் இளமை

சொக்கலிங்கம் பிறந்த ஆண்டு 1899. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் நாளிதழாக மாறியதும் அதே 1899ஆம் ஆண்டில்தான். தமிழ் நாளிதழும் அவரும் ஒரே ஆண்டில் நடைபயிலத் தொடங்கினர் எனலாம்.

வணிகக் குடும்பத்தில் பிறந்த அவருடைய பள்ளி வாழ்வு இயல்பாகவே சென்றுகொண்டிருந்தது. 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தென்காசிக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். வட்டாரம் முழுவதும் காவல்துறையின் சோதனைகளும் கைதுகளும் தொடர்ந்தன. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் சொக்கலிங்கத்தின் தமையனார் சிதம்பரம் பிள்ளையும் ஒருவர். தமையனார் சிறைப்பட்டபோது தம்பிக்கு வயது பன்னிரண்டு. குடும்பத்தின் கடைப்பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. படிப்புப் பாதியில் நின்றது.

அக்காலத்தில் அரசத்துரோக வழக்கில் சிக்கிய குடும்பத்தை அண்டை வீட்டாரும் அஞ்சி விலகி நிற்பது வழக்கமாயிருந்தது. ஒரு செய்தி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. தம் வீட்டில் கண்டு அறிந்தார். இன்று இதழியல் வகுப்பறையில் ஊடக நெறிமுறை என்ற பாடம் நடத்தப்படுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதலாகாது, வழக்கில் தொடர்பற்ற குடும்பத்தினரின் மானத்தைக் காக்க வேண்டும் என்றெல்லாம் அப்பாடம் சொல்லும். சொக்கலிங்கம் போன்றோர் வாழ்வோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அவ்விதிகளின் பொருள் முழுமையாக விளங்கும்.

கடையில் அமர்ந்தபடியே தமிழ் இலக்கியமும் நாட்டு நடப்பும் கற்றார். தாமே முயன்று ஆங்கிலமும் கைவரப் பெற்றார். பிற்காலத்தில் ஆங்கிலத்திலிருந்து பெருநூல்களைத் தமிழாக்கும் அளவுக்கு அப்புலமை வளர்ந்தது என்பது வியப்புக்குரியது.

தமிழ்நாடு இதழ் என்னும் பயிற்சிக்கூடம்

ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் எழுந்த காலத்தில் காந்தியடிகளின் வழி அவரை ஈர்த்தது. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து நடத்திய தமிழ்நாடு இதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். வார இதழாகத் தொடங்கிப் பின்னர்ச் சென்னையில் நாளிதழாக வளர்ந்த ஏடு அது. மேடைப் பேச்சில் வல்லவரான நாயுடுவின் வேகம் அந்த ஏட்டிலும் இருந்தது. எளிய மக்களுக்கு விளங்கும் தமிழில் அரசியலை எழுத முடியும் என்று காட்டிய இதழ்களுள் அதற்குத் தனியிடம் உண்டு.

அக்கால இதழ் அலுவலகம் இயங்கிய முறையை இன்றைய மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். வெளியூர்ச் செய்திகள் தந்தி வழியாக ஆங்கிலத்தில் வரும். தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் வாக்கியங்கள் குறைப்பட்டு, எலும்புக்கூடு போல இருக்கும். அவற்றைப் படித்துப் பொருள் உணர்ந்து, விட்டுப்போனதை நிரப்பி, தமிழில் செய்தியாக்க வேண்டும். எழுதியதை அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எடுத்து அடுக்குவார். மெய்ப்புப் பார்க்கவும் திருத்தவும் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. அவ்வாறாகத் துணையாசிரியர் ஒருவரே மொழிபெயர்ப்பாளராகவும் செய்தித் தொகுப்பாளராகவும் மெய்ப்புத் திருத்துநராகவும் இருந்தார். சொக்கலிங்கம் கற்ற இதழியல் கல்லூரி இதுவே. அதற்குப் பாடத்திட்டமில்லை, தேர்வு மட்டும் நாள்தோறும் நடந்தது.

1930இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியது. அதனை வரதராஜுலு நாயுடு ஆதரிக்கவில்லை. தமக்குத் தொழில் கற்பித்த இதழின் கொள்கை ஒருபுறமும் தம் மனச்சான்று மறுபுறமும் நின்ற வேளையில், சொக்கலிங்கம் வேலையைத் துறந்து வெளியேறினார். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த ஒருவர் அன்றைய பொருளாதார மந்தக் காலத்தில் எடுத்த முடிவு இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காலணா ஏடும் மணிக்கொடியும்

வெளியேறியவர் சோர்ந்திருக்கவில்லை. காந்தி என்ற பெயரில் காலணா விலையில் ஓர் இதழைத் தொடங்கினார். ஒரு ரூபாய்க்குப் பதினாறணா என்ற அக்கணக்கில் காலணா என்பது ரூபாயின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. கூலிக்காரரும் வாங்கக்கூடிய விலையில் நாட்டுச் செய்தியைக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். செய்தி என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அன்று, எளியவனுக்கும் அதில் உரிமை உண்டு என்ற கொள்கையை விலைச்சீட்டிலேயே அவர் எழுதிவிட்டார்.

1931ஆம் ஆண்டின் பத்திரிகை நெருக்கடி அதிகாரச் சட்டம் தேசிய ஏடுகளின் கழுத்தில் தொங்கிய கத்தியாக இருந்தது. அரசுக்குப் பிடிக்காத ஒன்றை எழுதினால் பிணைத்தொகை கட்டச் சொல்வார்கள். மீண்டும் எழுதினால் அத்தொகையைப் பறிமுதல் செய்வார்கள். பெருமுதல் இல்லாத சிற்றேடுகள் அந்த ஓர் அடியிலேயே வீழ்ந்துவிடும். அவ்வச்சத்தின் நடுவேதான் காலணா ஏடுகள் பல அந்நாளில் நடைபெற்றன.

1933 செப்டம்பரில் மணிக்கொடி பிறந்தது. ஸ்டாலின் சீனிவாசன் எனப்பட்ட கே. சீனிவாசன், வ.ரா. எனப்பட்ட வ. ராமசாமி ஆகியோருடன் சொக்கலிங்கமும் சேர்ந்து அதனைத் தொடங்கினார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் மணிக்கொடி பெற்ற இடத்தை இலக்கிய மாணவர் நன்கறிவர். அவ்விதழ் 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கெனவே வெளிவந்தது. எனினும் அதன் தொடக்கம் அரசியலும் கருத்தும் கலந்த வார ஏடாக இருந்தது என்பதும், அதனைத் தொடங்கிய மூவரும் முழுநேர இதழாளர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கன. தமிழ் உரைநடையின் மறுமலர்ச்சிக்கும் இதழியலுக்கும் உள்ள உறவு இதனால் புலனாகும்.

தினமணியின் முதல் ஆசிரியர்

1934 செப்டம்பர் 11ஆம் நாள், பாரதியாரின் நினைவு நாளில், தினமணி தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர் பம்பாயில் ஃபிரீ பிரஸ் நிறுவனத்தை நடத்திய எஸ். சதானந்த். முதல் ஆசிரியராக அமர்ந்தவர் சொக்கலிங்கம். அவருக்குத் துணையாக நின்றவர் ஏ.என். சிவராமன். இவரே பிற்காலத்தில் அவ்விதழின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கினார். நாளிதழின் உரிமை பின்னர் ராம்நாத் கோயங்காவிடம் சென்றது.

தினமணியில் சொக்கலிங்கம் செய்த பணியை இரண்டு கூறுகளாகக் காணலாம். முதலாவது மொழிநடை. அதுவரை நாளிதழ்த் தமிழ் பெரும்பாலும் வடசொற்கள் மிக்கதாகவும், ஆங்கில வாக்கியத்தின் நிழலாகவும் இருந்தது. சொக்கலிங்கத்தின் தலையங்கங்களோ குறுகிய வாக்கியங்களால் ஆனவை. எடுத்த பொருளை நேரே சொல்லி, காரணத்தை அடுத்து வைத்து, முடிவைத் தயங்காமல் கூறுபவை. கடைவீதியில் ஒருவர் உரக்கப் படிக்கச் சூழ்ந்திருப்போர் கேட்டுப் புரிந்துகொள்ளும் நடை அது. எழுத்தறிந்தோர் மிகக் குறைவாயிருந்த அந்நாளில் ஓர் ஏட்டைப் படித்தவர் ஒருவரென்றால் கேட்டவர் பலர். கடையில் வாடிக்கையாளரோடு பேசிப் பழகிய இளமை அந்நடைக்குத் துணைநின்றிருக்கும் என்று கருத இடமுண்டு.

இரண்டாவது ஆள் தேர்வு. புதுமைப்பித்தன் உள்ளிட்ட எழுத்தாளர்களை அவர் தம் அலுவலகத்தில் இடம்பெறச் செய்தார். உலகச் சிறுகதையைக் கற்றறிந்த ஒருவர் தந்திச் செய்தியை மொழிபெயர்க்க அமரும்போது செய்தித் தமிழுக்குப் புதிய கூர்மை வருகிறது. இதழாசிரியரின் திறமை தாம் எழுதுவதில் மட்டும் இல்லை. எழுத வல்லாரைக் கண்டறிந்து அவர்களை எழுதவிடுவதிலும் இருக்கிறது.

1927இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அதனால் இரயில் ஊர்களாயின. இரயிலில் வந்த பொருள்களுள் செய்தித்தாள் கட்டும் ஒன்று. 1930களில் இராசபாளையத்தில் நூற்பாலை எழுந்தது. ஆலைத் தொழிலாளர், நெசவாளர், பருத்தி வணிகர் எனப் பலதரத்தாரும் ஏடு படிக்கும் வழக்கம் கொண்டனர். இராசபாளையம் பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக உயர்ந்தார். திருவில்லிபுத்தூர்த் தொகுதி 1952இல் காமராசரை மக்களவைக்கு அனுப்பியது. இத்தகைய அரசியல் விழிப்பு மேடைப் பேச்சால் மட்டும் விளைந்ததன்று. எளிய தமிழில் நாள்தோறும் வந்த ஏடுகளும் அந்நிலத்தை உழுதன.

சொக்கலிங்கம் 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசின் சார்பில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதழாசிரியர் கட்சியின் உறுப்பினராகவும் இருக்கலாமா என்பது இன்று இதழியல் வகுப்பில் விவாதிக்கத்தக்க வினா. விடுதலைப் போர்க்காலத்தில் அவ்வினா எழவில்லை. இன்றைய மாணவர் அக்காலத்தை இக்காலத்து அளவுகோலால் மட்டும் அளந்துவிடாமலும், அக்காலத்து வழக்கத்தை இன்றைக்கு அப்படியே விதியாக்கிவிடாமலும் நடுநின்று நோக்க வேண்டும்.

பதவியினும் பெரியது

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இதழ்களுக்கு இருபுறமும் நெருக்கடி ஏற்பட்டது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்த் தணிக்கை கடுமையாயிற்று. அச்சுத்தாள் கிடைப்பதும் அரிதாயிற்று. 1942 ஆகஸ்டில் அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்து நாட்டின் தேசிய ஏடுகள் பல தம் வெளியீட்டையே நிறுத்தி வைத்தன.

அடுத்த ஆண்டில் சொக்கலிங்கத்தின் வாழ்வில் பெரியதொரு திருப்பம் நேர்ந்தது. நிர்வாகத்துடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, தாம் முதல் நாளிலிருந்து வளர்த்த தினமணியை விட்டு 1943இல் விலகினார். அவரோடு புதுமைப்பித்தன் உள்ளிட்ட உதவியாசிரியர்கள் பலரும் வெளியேறினர். தலைவர் ஒருவர் விலகும்போது உடனிருந்தோர் தம் ஊதியத்தையும் விட்டு உடன் செல்வது எளிதன்று. போர்க்கால விலைவாசியில் அவர்கள் அவ்வாறு சென்றனர் என்றால், அவர்மீது அவர்கள் கொண்டிருந்த மதிப்பு எத்தகையது என்பதை உணரலாம்.

1944இல் தினசரி என்ற நாளிதழைத் தொடங்கினார். பெருமுதலும் தாள் ஒதுக்கீடும் இன்றி நாளிதழ் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை அம்முயற்சி காட்டிற்று. நல்ல எழுத்தாளர்களைக் கொண்டிருந்தும் அது நிலைக்கவில்லை. அதன் பின்னரும் ஜனயுகம், நவசக்தி முதலிய இதழ்களில் அவர் பணி தொடர்ந்தது. தினமணியில் பெற்ற செல்வாக்கை அவர் தொடங்கிய பிற்கால இதழ்கள் எட்டவில்லை என்பது உண்மை. வெற்றி தோல்விக் கணக்குப் பார்ப்போருக்கு இது வீழ்ச்சியாகத் தோன்றலாம். ஆயினும் இருமுறை கொள்கைக்காக வேலையைத் துறந்த ஒருவரின் சொல்லுக்கு மக்களிடம் கிடைத்த மதிப்பு, வேறெந்த வழியிலும் ஈட்ட முடியாத முதல் ஆகும்.

இதழ்ப்பணிக்கு இடையே அவர் ஆற்றிய மொழித்தொண்டு தனித்துப் போற்றத்தக்கது. தால்ஸ்தாயின் பெரும்புதினத்தைப் போரும் வாழ்வும் என்ற பெயரில் தமிழாக்கினார். நூற்றுக்கணக்கான மாந்தர் உலவும் அந்நூலைத் தமிழில் கொண்டுவரப் பொறுமையும் மொழிவளமும் ஒருங்கே வேண்டும். பாதிப்பள்ளியோடு நின்ற தென்காசிச் சிறுவன் அதனைச் செய்து முடித்தான் என்பது தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. காமராசரின் வாழ்க்கை வரலாற்றையும் அவர் எழுதினார். 1966இல் அவர் மறைந்தார்.

வேறொரு வாசல் வழியே வந்தவர்

கல்லூரி காணாத சொக்கலிங்கத்தின் காலத்திலேயே, கல்லூரி கண்டு இதழியலுக்கு வந்த ஒருவரையும் இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். அவர் பா. தாவூத்ஷா. 1885இல் பிறந்து 1969இல் மறைந்த அவர் பட்டம் பெற்றவர். அரசுப் பணியில் துணை நீதிபதியாக இருந்தவர். அப்பதவியைத் துறந்து தாருல் இஸ்லாம் இதழை நடத்தினார். நல்ல தமிழில், பிழையற்ற அச்சில் இதழ் வெளிவர வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு அறிஞர் பலராலும் பாராட்டப்பெற்றது. ஒருவர் பள்ளியை இழந்து வந்தார். மற்றவர் பதவியை விட்டு வந்தார். வந்த வாசல் வேறாயினும் இருவரும் எளிய தமிழையே கருவியாகக் கொண்டனர். நல்ல இதழாளரைப் பட்டம் தடுப்பதுமில்லை. பட்டமின்மையும் தடுப்பதில்லை என்பது இவ்விருவர் வாழ்வாலும் விளங்கும்.

கல்லூரியில் இதழியல்

அப்படியாயின் கல்லூரியில் இதழியல் எதற்கு என்ற பெரியவர்களின் வினாவுக்கு வருவோம். இந்தியாவில் இத்துறையைக் கல்விக்கூடத்தில் கற்பிக்கும் முயற்சி நூறாண்டுப் பழமை உடையது. அன்னி பெசன்ட் அம்மையார் அடையாற்றில் அதற்கு வித்திட்டார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சர் ஷா முகம்மது சுலைமான் எடுத்த முயற்சியால் 1938இல் இதழியல் பட்டயப் படிப்புத் தொடங்கியது. சில ஆண்டுகளே நடந்து அது நின்றுபோனாலும், முஸ்லிம் சமுதாயக் கல்வியாளர் ஒருவர் இத்துறையின் தேவையை அத்துணை முன்னதாக உணர்ந்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் கல்வியைத் தொடங்கின. 1965இல் புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் உருவாயிற்று. சொக்கலிங்கம் மறைந்த 1966ஆம் ஆண்டிலேதான் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இந்தியப் பத்திரிகை மன்றமும் அமைந்தது. திருநெல்வேலியில் 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எழுந்தது. இன்று நம் பகுதி மாணவர் வடக்கே மதுரையிலோ தெற்கே திருநெல்வேலியிலோ தொடர்பியல் கற்க முடியும். சென்னைக்குத்தான் செல்ல வேண்டும் என்ற நிலை இல்லை.

கல்லூரி தருவது என்ன? முதலில், காலத்தைத் தருகிறது. சொக்கலிங்கம் பல்லாண்டு அடிபட்டுக் கற்றவற்றை ஒழுங்குபட மூன்றாண்டில் கற்கலாம். செய்தி சேகரித்தல், தொகுத்தல், ஊடகச் சட்டம், வானொலிக்கு எழுதுதல், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எனத் துறைகள் விரிந்துவிட்டன. அடுத்து, பிழை செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தருகிறது. வகுப்பறையில் எழுதிய தவறான செய்தியால் எவர் குடும்பமும் அழியாது. மூன்றாவதாக, எளிய வீட்டுப் பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் தகுதிச் சான்று என்னும் நுழைவுச்சீட்டைத் தருகிறது. தெரிந்தவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றால்தான் அலுவலகத்தில் நுழையலாம் என்ற பழைய நிலையில் ஆதரவற்ற திறமையாளர் எத்தனை பேர் வெளியிலேயே நின்றிருப்பர்! அவர்களுக்குக் கதவு திறப்பது கல்வி.

கல்லூரியால் தர முடியாதவையும் உள. தாய்மொழியை ஆழக் கற்கும் வேட்கையை மாணவரே கொண்டுவர வேண்டும். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது இது தமிழர் பேசும் வாக்கியந்தானா என்று தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் நாள்தோறும் எழுதுவதால் வருவது. உண்மைக்கு மாறானதை எழுதச் சொன்னால் எழுந்து வெளியேறும் துணிவை எந்தத் தேர்வும் அளந்து மதிப்பெண் இடாது.

நம் மாணவர்க்கு ஒரு சொல்

நல்ல செய்தி தலைநகரில்தான் கிடைக்கும் என்று இளைஞர் எண்ணுகின்றனர். நம் ஊரை ஒரு பாடநூலாகக் கொண்டு பாருங்கள். இராசபாளையத்தில் நூல் விலை ஏறினால் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகளில் என்ன நேர்கிறது? திருவில்லிபுத்தூரின் பால்கோவா விற்பனையில் பால் கறக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு? சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் அமைந்த சரணாலயம் 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானபின், மலையடிவாரத்து வேளாளரின் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம் யாது? இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, நேரில் சென்று, இருதரப்பாரையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு ஆவணம் பெற்று, பிழையற்ற தமிழில் இரண்டு பக்கம் எழுதுவது எளிதன்று. அதனை எழுதி முடித்த மாணவர் இதழியலின் முதற்பாடத்தைக் கற்றவர் ஆவார். அதே கட்டுரையை வானொலிக்கு ஐந்து நிமிட உரையாகவும், கைப்பேசியில் சிறு காட்சிப் படமாகவும் மாற்ற வல்லவர் இக்காலத்துத் தொடர்பியலைக் கற்றவர் ஆவார்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறியாக வேண்டும். இத்துறை பெருஞ்செல்வம் தரும் என்று உறுதி கூற இயலாது. சொக்கலிங்கத்தின் வாழ்வே அதற்குச் சான்று. எனினும் சமுதாயத்தைப் பற்றிப் பிறர் எழுதும் தவறான செய்திகளைக் கண்டு நாம் அடிக்கடி வருந்துகிறோம். செய்தி எழுதும் மேசைக்கு நம் பிள்ளைகளை அனுப்பாமல் வருந்திக்கொண்டு மட்டும் இருப்பதில் பயனில்லை. எழுதும் வேட்கையும் உண்மையில் பற்றும் உழைப்பும் உடைய பிள்ளை இத்துறையைக் கேட்டால் தயங்காது படிக்க வையுங்கள். தொலைக்காட்சியில் முகம் காட்டும் ஆசையொன்றே காரணமாயின், சற்றுப் பொறுத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுக் கடைப் பலகையில் அமர்ந்த தென்காசிச் சிறுவனுக்குக் கல்லூரி ஒன்று கிட்டியிருந்தால் அவர் இன்னும் எத்துணை உயர்ந்திருப்பாரோ, நாம் அறியோம். அவருக்குக் கிட்டாதது இன்று நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அவரிடம் இருந்த தமிழும் துணிவும் அவர்களிடம் சேருமாயின், நூற்பாலைத் தந்தையின் கவலையும் தறிவீட்டுத் தாயின் கவலையும் பெருமிதமாக மாறும் நாள் தொலைவில் இல்லை.